குதிரைக்கு வைத்த இஞ்சி

எங்கள் அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லோருக்கும் அவர் 'ஆனாலும் சார்'. நீங்கள் எதைச் சொன்னாலும் முழுசாகக் கேட்டுக்கொள்வார். தலையை ஆட்டுவார். "இருக்கலாம்மா" என்பார். அப்பாடா என்று நீங்கள் மூச்சு விடுவதற்குள் "ஆனாலும்..." என்று இழுப்பார். அதோடு உங்கள் சந்தோஷத்தில் பாதி போய்விடும்.

வெளியே மழை என்று சொட்டச் சொட்ட நனைந்துவந்து சொன்னாலும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கிற ஜென்மம் அது. மாடியில் யாராவது தொட்டி கழுவியிருக்கலாம் அல்லவா! டாக்டர் "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டால், ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரிந்துகொள்ள இன்னொரு டாக்டரிடம் போவார். கடையில் தராசைப் பார்க்க மாட்டார், தராசு பிடிக்கிறவன் கண்ணைப் பார்ப்பார். தள்ளுபடி என்று பலகை தொங்கினால் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போவார்.

இந்தச் சந்தேகத்தால் நானே நஷ்டப்பட்டிருக்கிறேன். அலுவலகத்துக்கு அடுத்த தெருவில் எனக்கு ஓர் அறை வாடகைக்கு வந்தது. காற்றோட்டம், தனிக் குழாய், வீட்டுக்காரம்மா தங்கமான மனுஷி. "இவ்வளவு நல்ல ரூம் ஏம்மா இத்தனை நாளா காலியா கிடக்கு?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. நான் குழம்பிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள், ஜன்னலில் செடி வளர்த்துக்கொண்டு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நான் தம்பி வீட்டில் பின்னறையில் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, அது வேறு கதை, இங்கே வேண்டாம். தம்பி நல்லவன். அவன் பெண்டாட்டியும் கெட்டவள் இல்லை. ஆனால் மாதச் சம்பளத்தில் என் பங்கைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்காருவது ஒன்று, கொடுக்காமல் உட்காருவது இன்னொன்று. அந்த வித்தியாசம் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். என் மானம் மரியாதை எல்லாம் அந்த வேலையில்தான் இருந்தது.

வேலை என்ன என்று கேட்டால், நாங்கள் ஓர் அகராதி செய்துகொண்டிருந்தோம். ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' என்று ஒரு வாலை ஒட்டிவிட்டால் அர்த்தமே தலைகீழாகப் போகும் இல்லையா, அப்படிப்பட்ட தொடர்களுக்கு மட்டும் தமிழ் அகராதி. கீழே சைக்கிள் கடை, மேலே நாங்கள். மரப்பெட்டிகளில் தொடருக்கு ஒன்றாக அடுக்கடுக்காய் அட்டைகள். சுவரில் ஈரம். காலாடுகிற நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டி உட்கார்ந்திருப்போம். ஆனாலும் சார் அர்த்தமும், அது எங்கிருந்து வந்தது என்று பிறப்பும் எழுதுவார். நான் அவருக்கு எதிர் மேஜையில் ப்ரூஃப் பார்ப்பேன். தொடருக்குப் பிறப்பு எழுதுகிற வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஏனென்றால் இந்தப் பிறப்புக் கதைகளில் முக்கால்வாசி புருடா. "கதை நல்லா இருந்துச்சுன்னா பொய்யின்னு வெச்சுக்கங்கம்மா" என்பார். அழகான கதையாக வந்தால் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

ஒருநாள் காலை படியேறிப் போனால் சுவர் வெள்ளையாக இருந்தது. கயிறு கட்டிய நாற்காலிகளைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பு நிறத்தில் சக்கரம் வைத்த புது நாற்காலிகள். மேனேஜர் வாசலிலேயே நின்று ஒவ்வொருவருக்கும் "குட் மார்னிங்" சொன்னார். முதல் நாள்வரை அந்த மனிதர் எங்களைப் பார்த்துச் சிரித்தது கிடையாது. முதலாளி வெளியூரில் இருந்தார், படியேறி வந்ததே இல்லை. எல்லாம் இந்த மேனேஜர் கையில்தான். அவருக்குப் பல்வரிசை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "மேடம், அகராதி வெளிவந்ததும் ப்ரூஃப் பிரிவுக்கு நீங்கதான் தலைவி. தனி ரூம். உங்களுக்குக் கீழ ரெண்டு பேர்."

எனக்குக் காலே தரையில் படவில்லை. திரும்பி வந்து ஆனாலும் சாரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"நல்ல விஷயம்தாம்மா. ஆனாலும், சுவருக்கு வெள்ளை அடிச்சாங்களே, மேல ஒழுகுதே, அதை அடைச்சாங்களா?"

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா சார்?" என்று எரிந்து விழுந்தேன்.

அண்ணாந்து பார்த்தேன். ஒழுகுகிற இடத்தின் மேலேயே வெள்ளை அடித்திருந்தார்கள்.

அதே வாரத்தில் தம்பி ஒரு செய்தி கொண்டுவந்தான். அவனுக்குத் தெரிந்த பாடப்புத்தக அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்க ஆள் வேண்டுமாம். நிரந்தர வேலை. சம்பளம் கிட்டத்தட்ட இதேதான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "அக்கா, யோசிக்காதே, போயிடு" என்றான். எனக்கோ தனி ரூம் கண்ணில் ஆடியது. இத்தனை வருஷம் கயிறு கட்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, தலைவியாகப் போகிற நேரத்தில் ஓடுவதா? ஆனாலும் சாரிடமும் அதைச் சொல்லிப் புலம்பினேன்.

அந்த நேரம் பார்த்து ஆனாலும் சார் கைக்கு ஓர் அட்டை வந்தது. தொடர், 'ஜின் அப்'. ஒருவருக்கு ஆர்வத்தைக் கிளப்பிவிடுவது, இல்லாத உற்சாகத்தை ஏற்றிவிடுவது என்று பொருள். தேநீர் இடைவேளையில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ களவு போன வீட்டைப் பார்க்கிற போலீஸ்காரர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மூணு கதை சொல்றாங்க. ஒண்ணு, ஜின்னுன்னு ஒரு சாராயம் இருக்கே, அது உள்ள போனா உற்சாகம் வரும், அதனால வந்துச்சுங்கிறாங்க. இன்னொண்ணு, ஜின்னுன்னா மிஷின், பருத்தியிலேருந்து கொட்டையைப் பிரிக்கிற மிஷினுக்குக்கூட அந்தப் பேருதான், அதை முடுக்கிவிடுறதுலேருந்து வந்துச்சாம். குடிகாரனுக்கு முதல் கதை பிடிக்கும், இன்ஜினியருக்கு ரெண்டாவது பிடிக்கும். பிடிச்ச கதையை நம்பக் கூடாதும்மா."

"மூணாவது?"

"மூணாவது இஞ்சி." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இதே அர்த்தத்துல 'ஜிஞ்சர் அப்'னு ஒரு பழைய தொடர் இருக்கு. அது குதிரைச் சந்தையில பிறந்தது. குதிரை விக்கிறவன், கிழட்டுக் குதிரை, சீக்குக் குதிரை, எதுவா இருந்தாலும் சந்தைக்கு ஓட்டிட்டு வரும்போது தோலுரிச்ச இஞ்சித் துண்டை அதுக்கு... வெச்சுவிடுவான். எரிச்சல்ல அது வாலைத் தூக்கிக்கிட்டு, துள்ளிக்கிட்டு நிக்கும். பார்க்கிறவன் ஆகா, எப்பேர்ப்பட்ட குதிரைன்னு வாங்கிட்டுப் போயிடுவான்."

"எங்க வைப்பான்?" என்று கேட்டேன்.

அவருக்குக் காது சிவந்துவிட்டது. அட்டையைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். "பின்னாடிம்மா" என்றார் கடைசியில்.

"அடக் கடவுளே! நம்ம ஊர்ப் பேச்சுல இஞ்சியைத் தின்னது குரங்கு. அதுவாவது வாயில போட்டுக்கிட்டு முழிச்சுது. குதிரை பாவம் சார்!" தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த, அலுவலகம் கூட்டிப் பெருக்குகிற அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. 

அவர் சிரிக்கவில்லை. "இஞ்சிக்கு முன்னாடி உயிரோட விலாங்கு மீனையே வைப்பாங்கன்னு சொல்றாங்க. இன்னொண்ணும் சொல்றாங்கம்மா. குதிரை வியாபாரிகிட்ட வேலை பார்க்கிறவன், இதைச் செய்யாம குதிரையை வாங்க வந்தவனுக்குக் காட்டிட்டா, அவனுக்கு அபராதமாம். அந்த வேலையாளை நினைச்சுப் பாருங்க. அவன் கெட்டவனா இல்லாமக்கூட இருக்கலாம். பயந்தவனா இருந்திருப்பான்."

"ஆக, ஜின் அப் இஞ்சியிலேருந்துதான் வந்துச்சா?"

"ஜிஞ்சர் அப் குதிரைகிட்டேருந்து வந்துச்சு, அதுவரைக்கும் சொல்லலாம். அதைச் சுருக்கித்தான் ஜின் அப் ஆச்சாங்கிறது... இருக்கலாம். ஆனாலும்..." என்று நிறுத்திவிட்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்தார். பிறகு நான் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். 

"அம்மா, நம்மளை யாரோ வாங்க வர்றாங்க. நீங்க அந்த அச்சகத்து வேலைக்குப் போயிடுங்க."

நான் நம்பவில்லை. எப்படி நம்புவது? டாக்டரை நம்பாதவர், மழையை நம்பாதவர், என் வாடகை அறையைக் கெடுத்தவர். அவர் பேச்சைக் கேட்டு இன்னொரு தடவை ஏமாற நான் தயாராக இல்லை. "சரி சார், பார்க்கலாம்" என்று மழுப்பிவிட்டு ப்ரூஃபில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் ஒரு எறும்பை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு மேனேஜர் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பற்கள்தான் தெரிந்தன. தேநீரோடு பிஸ்கட் வந்தது, ஏன் வந்தது என்று தோன்றியது. எங்கள் எல்லோருக்கும் கழுத்தில் மாட்ட அடையாள அட்டை வந்தது. இத்தனை வருஷம் எங்களை அடையாளம் தெரியாமலா இருந்தது?

திங்கட்கிழமை கோட் போட்ட ஒருவர் வந்தார். மேனேஜர் அவரைக் கூட்டிக்கொண்டு மேஜை மேஜையாக நடந்தார். கோட்டுக்காரர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மரப்பெட்டிகளை இழுத்து அட்டைகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். போகும்போது என் மேஜையில் தட்டி, "குட், குட்" என்றார். என்னைச் சொன்னாரா, மேஜையைச் சொன்னாரா தெரியவில்லை.

அவர் போனபிறகு பெருக்குகிற அக்கா என்னிடம் வந்தாள். "அந்த ஆளு எல்லாக் கதவையும் திறந்து பார்த்தாரும்மா, பாத்ரூமைத் தவிர. இங்க வந்து உட்காரப் போறவரு மொதல்ல அதைத்தானே பார்ப்பாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாங்குகிறவருக்கு எங்கள் அட்டைகள் வேண்டும், நாங்கள் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குச் சரி என்று சொல்லப் போகிறேன் என்று. தம்பி பெண்டாட்டி அன்றைக்கு எனக்குக் காப்பியைக் கொஞ்சம் கூடுதல் அன்போடு கொடுத்தாள். மறுநாள் ஆனாலும் சாரிடமும் சொன்னேன். "நல்ல முடிவும்மா" என்றார். ஆனால் அச்சகத்துக்காரர் என்னைப் பற்றி விசாரிக்க எங்கள் மேனேஜருக்கே போன் போட்டிருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது.

வியாழக்கிழமை கோட்டுக்காரர் மறுபடி வந்தார், கூட இரண்டு பேரோடு. அன்று காலை ஆனாலும் சார் படியேறி வந்ததைப் பார்த்து எங்கள் எல்லோருக்கும் வாய் பிளந்துவிட்டது. மழுமழுவென்று ஷேவ் செய்திருந்தார். புதுச் சட்டை, கடை மடிப்பு கலையாமல். வந்தவர்களுக்குத் தானே எழுந்து போய் வணக்கம் சொன்னார். அட்டைப் பெட்டிகளைத் திறந்து காட்டினார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். "இன்னும் கொஞ்ச நாள்ல முடிச்சிடுவோம் சார், இந்த மாதிரி ஒரு அகராதி தமிழ்ல வந்ததே இல்ல, இந்த ஆளுங்க மாதிரி கிடைக்க மாட்டாங்க" என்றார். என்னைக் காட்டி, "இவங்க கண்ணுல ஒரு புள்ளி தப்பாது" என்றார். குதிரைக் கதையைக்கூட அவர்களுக்குச் சொன்னார். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்ட இடத்தை அவர்களிடம் நடித்தே காட்டினார். கோட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேனேஜர் அவருக்குப் பின்னால் நின்று எங்கள் எல்லோரையும் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த மனிதரை வாங்கிவிட்டார்களா? கணக்குப் பிரிவில் அப்படித்தான் கிசுகிசுத்தார்கள், "கிழவருக்கு ஏதோ கிடைச்சிருக்கு" என்று. ஆனால் மேனேஜர் கொடுத்த பிஸ்கட்டைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தவர் அவர். அவரை எதைக் கொடுத்து வாங்க முடியும்? வந்தவர்கள் போனதும் வராந்தாவில் அவரை மறித்தேன்.

"சார், உள்ள பேசினதெல்லாம் நிஜமா?"

"நிஜம்தாம்மா."

"போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களே. என்னைப் போயிடுங்கன்னு சொன்னீங்களே."

"விசாரிச்சேன். நான் நினைச்சது தப்பு. வாங்குறவங்க நல்லவங்க. நீங்க எங்கேயும் போக வேண்டாம். இங்கேயே இருங்க. உங்களுக்கு ஒரு குறையும் வராது."

நான் காத்திருந்தேன். 'இருக்கலாம்' வரவில்லை. 'ஆனாலும்' வரவில்லை. என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். 

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்கிறவர்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரையும் நம்பியதில்லை. ஆனால் அந்த வராந்தாவில் அந்த மனிதர் சொன்னதை அப்படியே நம்பினேன். எதையுமே நம்பாத ஆள் ஒன்றை நம்புகிறார் என்றால், அதைத் தட்டிப் பார்த்து, சுரண்டிப் பார்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்துத்தானே நம்பியிருப்பார்? என் வேலையை அவரே எனக்காகச் செய்துவிட்டார் என்று நினைத்தேன். ஐயோ, எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா!

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் பெண்டாட்டி, "உங்க அக்காவுக்குத் தனி ரூம் கிடைக்கப் போகுதாம்" என்று என் காதில் விழும்படி பாத்திரத்திடம் சொன்னாள். போகட்டும், தலைவி ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் கைமாறியது. கோட்டுக்காரரின் வண்டி வந்து மரப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் ஒரு பையன் உள்ளங்கை அளவு பெட்டியில் ஏற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அகராதி போனுக்குள் போகப்போகிறதாம், மீதியை மிஷினே எழுதிக்கொள்ளுமாம். மத்தியானம் இன்னொரு வண்டி வந்தது. நாற்காலிகள் வாடகைக்கு எடுத்தவையாம்! "எழுந்திருங்க மேடம்" என்று ஒருவன் என் நாற்காலியைக் கேட்டான். எழுந்து நின்றேன். எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கவர் கொடுத்தார்கள். பிரித்துப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. மேனேஜர் ஊரிலேயே இல்லை. முதலாளியின் பங்கை அவர் எப்போதோ தன் பேரில் எழுதி வாங்கிவிட்டார் என்று கணக்குப் பிரிவில் சொன்னார்கள். எங்களை விற்றதே அவர்தான்.

ஆனாலும் சார் அன்றைக்கு வரவே இல்லை. வரவில்லையா! எனக்கு வந்த கோபத்தில் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன்.

அவர் மனைவி கதவைத் திறந்தார். நான் யார் என்று சொல்லும் முன்பே தெரிந்துகொண்டார். "வாங்கம்மா. உள்ளதான் இருக்காரு. காலையில போன்ல விஷயம் வந்ததுலேருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றார். ஆனாலும் சார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு கொடுத்தாங்க சார்?" என்று கேட்டேன். வீட்டு வாசலில் நின்று, அவர் மனைவி முன்னால், அப்படியே கேட்டேன்.

மனைவிதான் சொன்னார். "அவருக்கு ஒண்ணும் கேக்கலைம்மா. உங்களுக்குத்தான் கேட்டாரு."

எனக்கு விளங்கவில்லை. அவர் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"புதன்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டாரு. விக்கிறது உண்மைதான்னு ஒத்துக்கிட்டாரு. கண்ணுல தண்ணி. வாங்குறவங்க ஒருத்தரை மட்டும் வேலையில வெச்சுக்குவாங்க, அது ப்ரூஃப் மேடமா இருக்கட்டும், நான் எழுதி வாங்கித் தர்றேன், ஆனா நீங்க அவங்க முன்னாடி நல்லா பேசணும், மேடமும் கைமாறுற வரைக்கும் போகக் கூடாது, ஆளு போனா வேலை நின்னுபோச்சுன்னு விலையைக் குறைச்சிடுவாங்கன்னாரு. இதைச் செய்யலைன்னா முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு, எனக்குச் சின்னக் குழந்தைங்கன்னாரு. வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாது, மத்தவங்களும் அந்த வேலையைக் கேட்பாங்கன்னாரு."

"அதை நீங்க நம்பினீங்களா? நீங்களா?"

"அபராதத்துக்குப் பயந்த வேலையாளுன்னு நினைச்சேன்ம்மா. அந்தக் குதிரைக் கதையே மண்டையில ஓடிட்டு இருந்துச்சு. பாவம், இஞ்சி வைக்கிறவன் இவன்தான், ஆனா விக்கிறவன் வேற எவனோன்னு பட்டுச்சு. அந்தக் கண்ணீரை நான் சந்தேகப்படல." நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார். "அச்சகத்துல இருக்கிற அதே சம்பளந்தான். இங்க இருந்தா உங்களுக்குத் தனி ரூம் கிடைக்குமே, நீங்க ஆசைப்பட்டீங்களே. முன்னாடி ஒரு ரூம் என்னாலதான் போச்சு."

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து என் பேச்சை ஒரு தடவை நம்பினது கிடையாது" என்றார் அவர் மனைவி. அவருக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உப்புப் போட்டாச்சுன்னு சொன்னா ருசி பார்ப்பாரு. எவனோ ஒருத்தன் அழுதானாம், நம்பிட்டாராம்!"

நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. ஆனால் கோபமும் போகவில்லை. அது வேறு இடத்தில் இருந்து வந்தது. "என் வாழ்க்கையை என்னைக் கேட்காம நீங்க எப்படி சார் பேரம் பேசலாம்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? நான் சொல்றதை யாரும்மா நம்புறாங்க? நான் வந்து 'இருங்க'ன்னா நீங்க சிரிச்சுட்டுப் போயிடுவீங்கன்னுதான் நினைச்சேன். வராந்தாவுல பேசிட்டு வந்தப்புறம்கூட, இவங்க நம்ம பேச்சையா கேட்கப் போறாங்க, நாளைக்கு அச்சகத்துக்குப் போயிடுவாங்க, நம்ம பேசினது வீண்தான்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா நீங்க போகல. மேனேஜர் ஏதோ சொல்லி உங்களை நிறுத்தியிருப்பாருன்னு நினைச்சேன். அவரு என்ன சொன்னாரும்மா உங்ககிட்ட?"

அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. 

"அவரு ஒண்ணும் சொல்லல சார். அவரு சொல்லியிருந்தா அன்னைக்கே போயிருப்பேன். ஊரே கூடி வந்து சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். நீங்க சொன்னீங்கன்னுதான் இருந்தேன்."

அவர் மனைவி கையிலிருந்த தம்ளரை மேஜைமேல் வைத்தார். ஆனாலும் சார் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்குப் போட்ட அதே புதுச் சட்டையின் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதார்.